வெளிப்படுத்தக் கூடாதவர்களின் பட்டியல்

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. உறையின் முன்பக்கம் "மிக இரகசியம்" என்று சிவப்பு மையில் ஒரு முத்திரை. பின்பக்கம் இன்னொன்று. தவறிப்போய் வேறு யாருடைய கையிலும் சேர்ந்துவிடக்கூடாது என்ற அக்கறையில், உள்ளே இருப்பது என்னவென்று உறையின் மேலேயே தட்டச்சில் தெளிவாக அடித்திருந்தார்கள்: "விடயம்: செல்வி ஜெயனி (முன்னர் கொலின்ஸ்) அவர்களின் பால்நிலை மாற்றம் தொடர்பான மருத்துவக் கோவையை வெளிப்படுத்தாதிருத்தல்."

குருநகர்த் தபால்காரருக்குப் பதிவுத் தபால் என்றால், கையெழுத்து வாங்கி முடியும்வரை உறையை வாசித்துக்கொண்டு நிற்பது வழக்கம். அன்று வாசித்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"வெயில் என்ன மாதிரிக் கொளுத்துது அண்ணை," என்றார்.

கிறிஸ்துநாயகம் கையெழுத்து வைத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துநாயகத்துக்கு அறுபத்துநாலு வயது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். முழங்கால் சொல்வழி கேளாமல் போன பிறகு கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுக்கிறார். பத்திரிகையைத் திகதியிலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார். அரசாங்கக் கடிதம் என்றால் இரண்டு தரம். இதை நாலு தரம் வாசித்தார்.

அவருக்கு ஒரேயொரு பிள்ளை. கொலின்ஸ் என்று ஞானஸ்நானம் பெற்று, இருபத்துமூன்றாவது வயதில், டொக்டர்மார் பார்த்துக் கேட்டு எழுதி, அரசாங்கமே ஒரு சான்றிதழும் கொடுத்து, ஜெயனி ஆனவள். தாய் லூர்த்தம்மா அதைப் பெரிய அதிசயமாக எடுக்கவில்லை. "பெம்பிளைப் பிள்ளை பிறந்தா வைக்கவெண்டு வைச்சிருந்த பேர். சும்மா கிடந்தது, இப்ப உதவுது," என்று சொல்லிப் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கிறிஸ்துநாயகத்துக்குத்தான் நாள் எடுத்தது. மூன்று வருடம் "பிள்ளை" என்று கூப்பிட்டே சமாளித்தார். அந்தச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பிறகு ஒருநாள் போனில், "ஜெயனி, சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா," என்று வந்தது. "புட்டு."

ஜெயனி ஆறு வருடமாக நெல்லியடியில் ஞானாம்பிகை என்பவரின் தையல்கடையில் சீலைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே அவளைப் பற்றி மூன்று தகவல்கள் எல்லாருக்கும் தெரியும்: சொந்த இடம் குருநகர், தாய் இல்லை, சட்டைக்குக் கைத்தோள் வெட்டுவதில் அவளைப்போல் ஆள் இல்லை. நாலாவது தகவல் ஒருவருக்கும் தெரியாது, ஒருவருக்கும் தேவைப்படவும் இல்லை. அது மாவட்ட மருத்துவப் பதிவேட்டுப் பணிமனையில், ஓர் அலுமாரியில், ஒரு கோவைக்குள் கிடந்தது.

கடிதத்தை அவர் போனில் வாசித்துக் காட்டினார். ஜெயனி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ அப்பா, ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாமெண்டு. நான் போனா முகத்தைப் பார்ப்பினம். நெல்லியடி ஆக்கள் ஆரும் அங்கை நிண்டாப் பேந்து கதை முடிஞ்சுது."

"சொல்லிப்போட்டு வாறன். உது என்ன, ஒரு சொல்லுத்தானே."

கோயில் திருநாளுக்கு உடுத்தும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு அவர் போனார்.

பணிமனையில் கேதீஸ்வரன் என்ற உத்தியோகத்தருக்கு ஒரு நீளமான மேசை. அதன் இடது தலைப்பில் "தகவல் வெளிப்படுத்தும் அலுவலர்" என்று ஒரு பெயர்ப்பலகை. வலது தலைப்பில் "தகவல் வெளிப்படுத்தாதிருக்கும் அலுவலர்" என்று இன்னொன்று. இரண்டும் அவர்தான். கதிரைக்குச் சில்லு இருந்தது.

"இருங்கோ ஐயா. எந்தப் பக்கத்துக்கு வந்தனீங்கள்?"

"என்ரை பிள்ளையின்ரை பைலை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாமெண்டு சொல்ல வந்தனான்."

கேதீஸ்வரன் காலால் நிலத்தை உந்தி வலப்பக்கம் உருண்டு வந்தார். முகமும் கொஞ்சம் மாறியது.

"நல்ல வேலை செய்தனீங்கள். இப்ப வெளிப்படைச் சட்டம் வந்திருக்கு. ஆர் எதைக் கேட்டாலும் நாங்கள் குடுக்க வேணும். கொடிகாமத்திலை ஏரம்பு எண்டு ஒரு ஓய்வுபெற்றவர் கேட்டிருக்கிறார், இந்தப் பால்நிலைச் சான்றிதழ் மாவட்டத்திலை எத்தினை பேருக்குக் குடுத்திருக்கெண்டு."

"எத்தினை பேர் எண்டுதானே. எண்ணிச் சொல்லலாமே."

"எண்ணலாம். ஆனா எண்ணினது சரியெண்டு காட்ட ஆளைக் காட்ட வேணும். ஆளைக் காட்டாமல் எண்ணிக்கை சொன்னா அது வெளிப்படை இல்லை ஐயா, ஊகம். அதாலைதான் ஆளிட்டை முதல் கேக்கச் சொல்லிச் சுற்றுநிருபம். ஆட்சேபனை இருந்தா எழுத்திலை தரலாம். உங்கடை மகளின்ரை உரிமை அது. நாங்கள் அதிலை கை வைக்க மாட்டம்."

படிவத்தில் நாலாவது கேள்வி இப்படி இருந்தது: "வெளிப்படுத்தக்கூடாது எனத் தாங்கள் கருதும் தகவலை விபரமாக எழுதுக." மூன்று பிரதிகள். ஒன்று பணிமனைக்கு, ஒன்று கொழும்புக்கு, ஒன்று ஏரம்புவுக்கு.

"அவருக்கு எதுக்கு?" என்று கிறிஸ்துநாயகம் கேட்டார்.

"தனக்கு எது தெரியக்கூடாதெண்டு அவருக்குத் தெரிய வேண்டாமோ?"

சான்றிதழின் மூலப்பிரதியையும் பாதுகாப்புக்காக ஒப்படைக்கவேண்டும் என்றார்கள். அதை அவர் அடுத்த வாரம் ஜெயனியிடம் வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து ஒப்படைத்தார். அது கோவைக்குள் போனது.

அந்த முதல் நாள், நிரப்பிய படிவத்தை எடுத்துக்கொண்டு வினோஜா என்ற எழுதுநர் பிள்ளை எழுந்து நின்றாள். அந்தப் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ ஒரு காலத்தில் வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் யாரோ எதிலோ கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து எந்தப் பத்திரத்தையும் சம்பந்தப்பட்டவருக்கு எழுந்து நின்று உரத்து வாசித்துக் காட்டவேண்டும். வாசித்து முடிந்ததும் "விளங்கினதோ?" என்று கேட்கவேண்டும். விளங்கவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. விளங்கும்வரை வாசிப்பது பொதுமகனின் உரிமை. பிறகுதான் கையெழுத்து. "வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டார்" என்று அதற்கு ஒரு முத்திரையும் இருந்தது.

"பிள்ளை, எனக்கு வாசிக்கத் தெரியும்," என்றார் கிறிஸ்துநாயகம்.

"தெரியும் ஐயா. ஆனா நான் வாசிக்க வேணும்." வினோஜா குரலைத் தாழ்த்தித்தான் தொடங்கினாள்.

"வினோஜா, சத்தமா," என்றார் கேதீஸ்வரன். "ஆக்களின்ரை உரிமை."

வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். மூன்றாவது வரி வரும்போதே கிறிஸ்துநாயகம், "விளங்குது பிள்ளை, விளங்குது, காணும்," என்றார். வாசித்து முடிய முன்னம் விளங்கக்கூடாது என்று சட்டத்தில் இருந்தது. பதினான்கு வரிகளையும் அவள் வாசித்தாள். வரிசையில் ஐந்தாவதாக இருந்தவள் மரியநாயகி, குருநகர்ச் சந்தையில் மீன் விற்பவள். வெளியே வரும்போது படியில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை அண்ணை," என்றாள். "எனக்கு வலது காது வேலை செய்யிறேல்லை."

வரிசையில் அவளுடைய இடது காதுதான் வினோஜாவின் பக்கம் இருந்தது.

ஏரம்புவைப் பார்க்க அவர் கொடிகாமம் போனார். சந்தைக்குப் பின்னால் ஒரு வீடு. சுவர் முழுக்கக் கோவைகள். ஏரம்பு எழுபது தாண்டிய நேர்த்தியான மனிதர். எத்தனை மின்கம்பம், எத்தனை மதகு, எத்தனை நாய்க்கு ஊசி போட்டது என்று ஒவ்வொரு திணைக்களத்திடமும் கேட்டுக் கேட்டு வைத்திருந்தார்.

"தம்பி, நான் எத்தினை எண்டுதான் கேட்டனான். ஆர் எண்டு கேக்கேல்லை," என்றார். உண்மையாகவே திகைத்துப் போயிருந்தார். "அவை உங்கடை மகளின்ரை விபரம் எல்லாம் போட்டு எனக்கொரு பிரதி அனுப்பியிருக்கினம். 'இதை நீர் அறியக்கூடாது' எண்டு அடிக்கோடும் போட்டு. நான் என்ன செய்ய? வாசிச்சுப்போட்டன்."

அன்றைக்கே அவர் தம் கோரிக்கையை மீளப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். கிறிஸ்துநாயகம் அதைக் கொண்டுபோய்க் கேதீஸ்வரனிடம் நீட்டினார். கேதீஸ்வரன் இடப்பக்கம் உருண்டார்.

"ஏரம்புவுக்கு உரிமையில்லை ஐயா. அவர் கேட்டது ஒரு ஆளாக் கேட்டது. ஆனா கேட்ட உடனை அது மக்களின்ரை கேள்வி. மக்கள் முழுப்பேரும் வந்து கையெழுத்து வைச்சா மீளப் பெறலாம்."

ஆட்சேபனை ஏற்கப்படுமா என்று கேட்டார். ஏற்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு கள விசாரணை இருக்கிறது என்றார் கேதீஸ்வரன். இரகசியம் என்று சொல்லி எல்லாரும் எழுதிக் கொடுப்பார்கள். அது உண்மையிலேயே இரகசியமா, அல்லது ஊருக்குத் தெரிந்த விடயமா என்று அரசாங்கம் பார்க்கவேண்டாமா? ஊருக்குத் தெரிந்ததைப் பொதுப் பணத்தில் எப்படிப் பூட்டி வைப்பது?

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. பணிமனை வாகனத்தில் இரண்டு பேர் நெல்லியடிக்குப் போய், தையல்கடைக்கு இரண்டு பக்கமும், எதிரேயும், சந்தி வரைக்கும், ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டார்கள். கேள்வி படிவத்தில் அச்சடித்திருந்தது: "ஞானாம்பிகையின் கடையில் வேலை செய்யும் ஜெயனி என்பவர் முன்னர் கொலின்ஸ் என்ற ஆணாக இருந்தார் என்பது தங்களுக்குத் தெரியுமா? ஆம் / இல்லை."

அடுத்த வாரம் கேதீஸ்வரன் கிறிஸ்துநாயகத்தைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். அந்தக் கதிரையை விட்டு அவர் எழும்பி ஒருவரும் கண்டதில்லை.

"ஐயா, சந்தோசமான செய்தி. இருபத்திரண்டு பேரைக் கேட்டவை. இருபத்திரண்டு பேரும் தெரியாதெண்டு சொல்லிப்போட்டினம். நூறு வீதம். இந்த மாவட்டத்திலை இப்பிடியொரு சுத்தமான இரகசியம் நாங்கள் காணேல்லை. உங்கடை ஆட்சேபனையை ஏத்துக்கொண்டாச்சு."

"இப்ப அந்த இருபத்திரண்டு பேருக்கும் தெரியுமே சேர்," என்றார் கிறிஸ்துநாயகம்.

"இப்ப தெரிஞ்சா என்ன. விசாரணைத் திகதியிலை தெரியாது. அதுதான் கணக்கு."

ஞானாம்பிகை கெட்ட மனுசியில்லை. முதல் இரண்டு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பெண்கள் அளவெடுக்கக் கொடுத்திருந்த சட்டைத்துணிகளை வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "எனக்கு அவசரமில்லை," என்றாள். மற்றவள், "எனக்குக் கொஞ்சம் அவசரம்," என்றாள். அதற்குப் பிறகு ஞானாம்பிகை ஜெயனியின் மெசினைத் தூக்கிப் பின்னறைக்குள் வைத்தார். பிறகு அவளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை," என்றார் ஞானாம்பிகை. "சனம்தான். சனம் கொஞ்ச நாளிலை மறக்கும். அறையிலை இரு. வாடகை வேண்டாம். முன்பக்கம் மட்டும் வராதை."

சனம் மறக்க வழியிருக்கவில்லை. அடுத்த மாதம் தனியுரிமை வாரம் வந்தது.

பணிமனை முற்றத்தில் பந்தல். குத்துவிளக்கு. மேளம். ஆட்சேபனை ஏற்கப்பட்டவர்கள் குடும்பத்துடன் சமுகமளிக்குமாறு அழைப்பு. ஜெயனி வரவில்லை. போகாவிட்டால் கோவையைத் திறந்துவிடுவார்களோ என்ற பயத்தில் கிறிஸ்துநாயகம் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்தார். மாகாணத்திலிருந்து ஒரு பணிப்பாளர் வந்திருந்தார். மாலை போட்டார்கள். அவர் பேசினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே, இரகசியம் என்பது தனிமனிதர் ஒருவரால் காக்கக்கூடியது அல்ல. தனிமனிதரிடம் பூட்டு இல்லை. முத்திரை இல்லை. ஆளணி இல்லை. நேற்றுவரை ஒரு தகப்பனுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்திருந்த விடயத்தை இன்று பதினேழு உத்தியோகத்தர்கள் சேர்ந்து காத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கென இரண்டு வாகனங்கள் ஒதுக்கியிருக்கிறோம். இனி இந்த மாவட்டத்தில் இவர்களுடைய பெயர்களை எவரும் வாயால் சொல்லக்கூடாது. எவர்களுடைய பெயர்களை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி."

அவர் கயிற்றை இழுத்தார். திரை விலகியது. அறிவித்தல் பலகையில், கண்ணாடிக்குள், மும்மொழியிலும்: "வெளிப்படுத்தக் கூடாதவர்களின் பட்டியல்." நாலு பெயர்கள். முன்னைய பெயர், இப்போதைய பெயர், வயது, வதிவிடம். இரண்டாவது ஜெயனி. சனம் கைதட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் கேதீஸ்வரனிடம் போனார்.

"சேர், இதை ஏன் வெளியிலை போட்டனீங்கள்?"

"ஆரைப் பற்றிக் கதைக்கக்கூடாதெண்டு உத்தியோகத்தருக்குத் தெரிய வேணும் ஐயா."

"அப்ப உள்ளுக்குப் போடலாமே."

"உள்ளுக்குப் போட்டாப் பொதுமக்களுக்கு எப்பிடித் தெரியும்? அவையும் கதைக்கக்கூடாதுதானே." கேதீஸ்வரன் அவருடைய தோளில் கை வைத்தார். "நீங்கள் பயப்பிடாதேங்கோ. உங்கடை மகளை இனி ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது."

தை மாதம் மழை விட்டதும் காய்ச்சல் வந்தது. நெல்லியடிப் பக்கம் வீட்டுக்கு வீடு டெங்கு. கிறிஸ்துநாயகம் போய் அந்தப் பின்னறையிலேயே தங்கினார். கஞ்சி வைத்தார். பப்பாசி இலையை இடித்துச் சாறு பிழிந்தார்.

"உதைக் குடிக்கிறதிலும் பாக்கக் காய்ச்சல் பரவாயில்லை," என்றாள் ஜெயனி.

"மூக்கைப் பொத்திக்கொண்டு குடி."

"மூக்கைப் பொத்தினாக் காதாலை மணக்குது அப்பா."

மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அங்கை பேரைக் கேப்பினம். பேரைச் சொன்னாப் பைலை எடுப்பினம். பைல் மட்டையிலை இப்ப சிவப்பு ஒட்டு ஒண்டு ஒட்டியிருக்கு. போன மாசம் கிளினிக்குக்குப் போகேக்கை ஒருத்தன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினவன், இவவைப் பற்றித்தான் ஒண்டும் கதைக்கக்கூடாதாமெண்டு. அஞ்சு பேர் வந்து சுத்தி நிண்டு பாத்தவை அப்பா. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை."

நாலாம் நாளும் போகவில்லை. ஐந்தாம் நாள் பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. அவளைக் கேட்காமல் ஓட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் விடுதியா ஆண்கள் விடுதியா என்று கேட்டார்கள். பெண்கள் விடுதி என்றார். அடையாள அட்டையில் கொலின்ஸ் என்று இருந்தது. அதை மாற்றக் கொடுத்த விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் கோவைக்குள் இருந்தது. கணினியில் பார்த்தார்கள். "இந்நோயாளரின் தகவல் பாதுகாக்கப்பட்டுள்ளது" என்று வந்தது. திறப்பதற்குக் கேதீஸ்வரன் வேண்டும். கேதீஸ்வரன் தனியுரிமைப் பயிற்சிப் பட்டறைக்காகக் கொழும்பு போயிருந்தார். பட்டறையில் போனை நிறுத்தி வைக்கவேண்டும் என்பது விதி. அவர் விதியை மீறாதவர்.

இரண்டு விடுதிக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் தள்ளுகட்டிலை நிறுத்தினார்கள். ஒரு இளம் டொக்டர் வந்து, அட்டையையும் பாராமல் கணினியையும் பாராமல், நின்ற இடத்திலேயே சேலைன் ஏற்றினார். அவருக்குச் சுற்றுநிருபம் தெரியாது. "என்ன பேர் அம்மா?" என்று குனிந்து கேட்டார். அவள் சொன்னாள். அவர் ஒரு துண்டில் அதை எழுதிக் கட்டிலின் கம்பியில் கட்டினார்.

பிற்பகல் மூன்றே முக்காலுக்கு அதே டொக்டர் கிறிஸ்துநாயகத்துக்குப் பக்கத்தில் வந்து வாங்கில் இருந்தார். "ரெண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தா ஐயா," என்றார்.

மரணத்தைப் பதிய வேண்டும். பதிவாளர் அடையாள அட்டையைப் பார்த்துக் கொலின்ஸ், ஆண் என்று எழுதப் பேனையைத் திறந்தார். சான்றிதழைக் கொண்டுவந்தால் ஜெயனி, பெண் என்று எழுதலாம், நாளை பன்னிரண்டு மணிவரை பொறுக்கிறேன் என்றார். கிறிஸ்துநாயகம் காலையில் பணிமனை திறக்குமுன் போய் நின்றார். கேதீஸ்வரன் கொழும்பிலிருந்து வந்திருந்தார். பட்டறையில் கொடுத்த பை மேசையில் இருந்தது.

"கேள்விப்பட்டன் ஐயா. மனவருத்தமான விசயம்." அவர் எழும்பி வந்து கையைப் பிடித்தார். உண்மையாகவே அவருடைய கண் கலங்கியிருந்தது. "என்ன உதவி வேணும்?"

"சான்றிதழைத் தாங்கோ சேர். ஒரு மணித்தியாலத்திலை திருப்பித் தாறன்."

கேதீஸ்வரன் கையை விட்டார். போய்க் கதிரையில் இருந்து வலப்பக்கம் உருண்டார்.

"அது பூட்டின பைல். சம்பந்தப்பட்ட ஆளின்ரை எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒருத்தருக்கும் குடுக்கேலாது."

"ஆள் செத்துப்போச்சு சேர்."

"அதுதான் ஐயா சிக்கல்."

"நான் தேப்பன்."

"நீங்கள் மூன்றாந் தரப்பு." அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. "நீங்கள்தானே ஐயா வந்து கேட்டனீங்கள், ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாமெண்டு. நாங்கள் உங்களுக்குத் தந்த வாக்கை நாங்களே மீறினா, பிறகு சனம் எங்களை எப்பிடி நம்பும்?"

அந்தக் கோவையின் இரகசியம் முதன்முறையாகக் காக்கப்பட்டது.

பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் கொலின்ஸ், ஆண் என்று எழுதினார். அடக்கம் செய்ய, சேமக்காலைக்கு அந்தப் பத்திரத்தைத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மண் போட வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் மரியநாயகியும் ஒருத்தி. ஞானாம்பிகை மதில் ஓரமாக நின்றுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கிறிஸ்துநாயகம் அச்சகத்துக்குப் போனார். குருநகரில் யார் செத்தாலும் சுவருக்குச் சுவர் மரண அறிவித்தல் ஒட்டுவார்கள். அவருடைய வீட்டில் சாவு நடந்து ஒரு சுவரிலும் ஒன்றும் இல்லை. அச்சகத்துக்காரர் எழுதித் தாருங்கள் என்றார். கிறிஸ்துநாயகம் நாற்பது வருடம் மற்றவர்களின் அறிவித்தல்களை வாசித்தவர். ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். ஐம்பது அடித்தார்கள். சந்தையில், இறங்குதுறையில், தேவாலயத்து மதிலில் ஒட்டினார். நெல்லியடிக்குப் போய்த் தையல்கடைக்கு எதிரில் ஒட்டினார். கடைசி ஒன்றைப் பணிமனை அறிவித்தல் பலகையின் கண்ணாடிக்கு மேலே, அந்தப் பட்டியலை மறைத்து, ஒட்டினார். அளவாக இருந்தது.

பணிமனைப் பியோன் இன்னாசித்தம்பிக்கு அதைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கிழியாமல் கழற்ற அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. பட்டியல் மறுபடி தெரிந்தது.

பத்தாம் நாள் பதிவுத் தபால் வந்தது. இரண்டு பக்கமும் சிவப்பு முத்திரை. தபால்காரர் உறையை வாசித்தார். இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சிறிது நேரம் அவரோடு இருந்துவிட்டுப் போனார்.

"வெளிப்படுத்தக் கூடாதவர்களின் பட்டியலிலுள்ள ஒருவருடைய பெயர், பால், வதிவிடம், குடும்ப விபரம் என்பவற்றை அனுமதியின்றி அச்சிட்டு ஐம்பது இடங்களில் ஒட்டியமை. மேலும், அரசாங்கத்தால் நியமிக்கப்பட்ட அலுவலராக இல்லாதிருந்தும், அவ்வறிவித்தலின் அடியில் 'தகவல்: தந்தை' எனக் குறிப்பிட்டுத் தகவல் வழங்கியமை." குற்றத்தை ஏற்றுக் கையெழுத்திட நேரில் வரவேண்டும். பெயரைக் காத்துக்கொடுக்கும் அந்த ஏற்பாட்டின் கீழ் எவர்மீதாவது எடுக்கப்பட்ட நடவடிக்கை இன்றுவரை இது ஒன்றுதான். மற்றவர்கள் யாரும் மாட்டுப்படவில்லை. அவர்கள் எல்லாரும் உத்தியோகத்தர்கள்.

வெள்ளைச் சேட்டு அழுக்காகியிருந்தது. துவைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

வரிசையில் ஒன்பது பேர். கேதீஸ்வரன் எந்தப் பக்கம் உருள்வதென்று தெரியாமல் நடுவில் இருந்தார். "சின்ன விசயம் ஐயா," என்றார். "ஒரு கையெழுத்து. எச்சரிக்கையோடை விட்டிடுவம். எங்களுக்கும் மேலிடம் இருக்கு."

வினோஜா குற்றப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். குற்றத்துக்குச் சான்றாக, ஒட்டப்பட்ட அறிவித்தல் முழுவதையும் ஓர் எழுத்து மாறாமல் பத்திரத்தில் சேர்த்திருந்தார்கள். அவள் கேதீஸ்வரனைப் பார்த்தாள். அவர் வழக்கப்படி, "சத்தமா," என்றார்.

"மரண அறிவித்தல்," என்று வினோஜா வாசித்தாள். "செல்வி ஜெயனி கிறிஸ்துநாயகம். குருநகரைப் பிறப்பிடமாகவும் நெல்லியடியை வதிவிடமாகவும் கொண்ட செல்வி ஜெயனி கடந்த செவ்வாய்க்கிழமை இறைபதம் அடைந்தார். அன்னார் கிறிஸ்துநாயகம், காலஞ்சென்ற லூர்த்தம்மா தம்பதியரின் அன்பு மகளும், தையலில் கைதேர்ந்தவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தகவல்: தந்தை."

அரசாங்க முத்திரை குத்திய பத்திரங்களில் அவள் அவருக்கு மகள் என்று எழுதியிருந்தது அது ஒன்றில்தான்.

"விளங்கினதோ ஐயா?" என்று வினோஜா கேட்டாள்.

கிறிஸ்துநாயகம் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"விளங்கேல்லை பிள்ளை," என்றார். "இன்னொருக்கா வாசியுங்கோ."

அவள் முதலிலிருந்து வாசித்தாள். வரிசையில் இருந்த ஒரு மனுசன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"விளங்கினதோ?"

"இல்லை."

கேதீஸ்வரன் மணிக்கூட்டைப் பார்த்தார். விளங்கும்வரை வாசிப்பது பொதுமகனின் உரிமை. சட்டம் அவர் எழுதியதல்ல. வினோஜா மூன்றாந் தரமும் வாசித்தாள். நாலாந் தரம் வாசிக்கும்போது அவளுக்குத் தாளைப் பார்க்கவேண்டி இருக்கவில்லை.

ஐந்தாந் தரம் முடிந்ததும், விளங்கிவிட்டது என்று சொல்லி, குற்றத்தை ஏற்றுக் கையெழுத்து வைத்தார்.